குடையை வீடு தரும். நிழலை ஊர்தான் தரணும்!

பட்டிமன்றத் தலைப்பு: மாறிவரும் வெயிலிலும் மழையிலும் நம் உடல்நலத்தைக் காப்பதில் பெரும்பங்கு யாருக்கு? குடும்பத்துக்கே! ஊருக்கே!

இடம்: விழுப்புரம். ‘ஊருக்கே’ அணியில் பேசியவர்: திண்டிவனத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்.

அன்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் உட்கார்ந்திருந்தாலும் என் உடன்பிறப்புகளாகிய பேச்சாளர்களே! இந்த வேக்காட்டிலும் எழுந்து போகாம உட்கார்ந்திருக்கிற விழுப்புரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் தொலைக்காட்சி முன்னால உட்கார்ந்து, கரண்ட் போயிடக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டே பார்த்துக்கிட்டிருக்கிற நேயர்களே!

நான் திண்டிவனத்துக்காரி. திந்திரிணின்னா புளி. ஒரு காலத்துல புளியங்காடா இருந்த ஊர் அது. எங்க ஊர்ச் சிவன் கோயில்ல சாமி பேரே திந்திரிணீஸ்வரர். இப்ப திண்டிவனத்துல புளியை எங்க பார்க்கலாம்னு யாராவது கேட்டா, மளிகைக் கடையில பார்க்கலாம்!

(சிரிப்பு)

சிரிக்கிறீங்க. நான் ஒண்ணு கேக்குறேன் நடுவர் அவர்களே. சாலையோரத்துப் புளியமரத்தை வெட்டினது எந்த வீட்டு அம்மா? எந்தக் குடும்பம் கோடாலி எடுத்துச்சு? ரோடு அகலமாகணும்னு எல்லாரும் சேர்ந்து ஆசைப்பட்டோம், மரம் போச்சு. மரத்தை எடுத்தது ஊர். அப்ப நிழலைத் திருப்பித் தர வேண்டியது யார்? அதுவும் ஊர்தானே! எங்க அணியோட வாதம் அவ்வளவுதான். இதோட நான் உட்கார்ந்திருக்கலாம். ஆனா கொடுத்த நேரத்துக்கு முன்னாடி உட்கார்ற பழக்கம் பட்டிமன்றப் பேச்சாளர்கள் யாருக்கும் கிடையாது.

(கைதட்டல்)

எதிரணித் தலைவர் அண்ணன் அருமையாப் பேசினார். ‘பழைய சோறு, சின்ன வெங்காயம், நீர்மோர், நுங்கு, இளநீர்... இதெல்லாம் ஆத்தா கொடுக்கிற மருந்து’ன்னார். கேட்கும்போதே எனக்கு நாக்குல எச்சில் ஊறிடுச்சு. அண்ணே, நீங்க சொன்னது அத்தனையும் சரி. நுங்கு குளிர்ச்சிதான். ஆனா நுங்கு எங்கே காய்க்குது? உங்க வீட்டு ஃபிரிட்ஜிலயா? பனைமரத்துல. பனை எங்கே நிக்குது? ஏரிக்கரையில. ஏரிக்கரை யாருது? ஊருது!

(பலத்த கைதட்டல்)

விளையாட்டு போதும். முப்பது வருஷத்துக்கு மேல கிராமங்கள்ல வீடு வீடா ஏறி இறங்கினவ நான். பிரசவம் பார்த்திருக்கேன், தடுப்பூசி போட்டிருக்கேன், வயித்துப்போக்கு பார்த்திருக்கேன். அந்த உரிமையில சில விஷயங்களை இந்த மேடையில வைக்கிறேன்.

வெயில் நமக்குப் புதுசா? அக்னி நட்சத்திரம் நம்ம பாட்டன் பூட்டன் காலத்துலயும் இருந்ததுதானேன்னு கேப்பீங்க. இருந்துச்சு. ஆனா அளவு மாறிப்போச்சு. நிலக்கரி, பெட்ரோல், டீசல்னு மனுஷன் எரிச்ச புகை வானத்துல கம்பளி மாதிரி மூடிக்கிச்சு. உள்ள வந்த சூடு வெளியே போக வழி குறைஞ்சுபோச்சு. கணக்கெடுக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து பார்த்தா, அதுவரைக்கும் வந்த ஆண்டுகள்லயே 2024தான் அதிகச் சூடான ஆண்டுன்னு உலக வானிலை அமைப்பு அறிவிச்சுது. தொழிற்சாலைகள் பெருகுறதுக்கு முந்தின காலத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை டிகிரி செல்சியஸ் கூடுதல்.

‘ஒன்றரை டிகிரிதானே!’ன்னு நினைக்காதீங்க. நம்ம உடம்புச் சூடு 37 டிகிரி. அதுல ஒன்றரை டிகிரி கூடினா, தெர்மாமீட்டர் பாரன்ஹீட்டுல 101 காட்டும். 101 காய்ச்சல்ல படுத்திருக்கிற பிள்ளையை, ‘ஒன்றரை டிகிரிதானே, எழுந்து பள்ளிக்கூடம் போ’ன்னு எந்தத் தாயாவது அனுப்புவாளா? பூமாதேவிக்கு அந்தக் காய்ச்சல் வந்திருக்கு.

சரி, சூடு கூடினா உடம்புக்கு என்ன ஆகுது? மண்பானைத் தண்ணி ஏன் ஜில்லுன்னு இருக்கு? பானைக்கு வெளியே கசியுற தண்ணி காத்துல காயுது. காயும்போது உள்ள இருக்கிற சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போயிடுது. நம்ம உடம்பும் ஒரு மண்பானைதான். வேர்வை வழிஞ்சா மட்டும் உடம்பு குளிராது. வழிஞ்ச வேர்வை காயணும். கடலோரத்துல என்ன நடக்குது? காத்துலயே ஈரம் நிறைஞ்சு கிடக்கு. வேர்வை ஆறா ஓடுது, ஆனா காயலை. உடம்புச் சூடு உள்ளேயே நிக்குது. அதனாலதான் மரக்காணத்துல 37, 38 டிகிரின்னு ரேடியோவுல சொன்னாலும், அங்க நிக்கிறவனுக்கு அதைவிடப் பல டிகிரி கூடுதலாத் தெரியுது.

அப்ப உடம்பு என்ன செய்யுது? தோலுக்கு ரத்தத்தைத் தள்ளுது. இதயம் ரெண்டு ஆள் வேலை பார்க்குது. தண்ணி வத்த வத்தச் சிறுநீரகம் வாடுது. சர்க்கரை நோயாளி, இதய நோயாளி, நீர் பிரியறதுக்கு மாத்திரை சாப்பிடுறவங்க, கைக்குழந்தை, கர்ப்பிணி, வயசானவங்க... இவங்கதான் முதல்ல விழறாங்க. இதுல பகல் வெயிலைவிட ராத்திரிப் புழுக்கம் பொல்லாதது. பகல்ல அடிச்ச சூட்டை ராத்திரி தூக்கத்துலதான் உடம்பு ஆத்திக்கும். சிமெண்ட் ஷீட் வீட்டுல அந்த ஷீட்டே ராத்திரி பத்து மணி வரைக்கும் அடுப்பு மாதிரிக் காயுது. ஆறாத உடம்போடயே மறுநாள் காலையில வேலைக்குப் போறான் ஏழை.

இப்ப எதிரணித் தங்கச்சி பேசினதுக்கு வர்றேன். ‘வெயில் நேரத்துல வெளியே போகாதேன்னு அம்மா சொல்றாங்க. கேட்டா நோய் வராது’ன்னு முடிச்சீங்க. கண்ணு, உங்க அம்மா சொன்னது உங்களுக்குச் சரி. நம்ம மாவட்டத்துல மரக்காணத்துல உப்பளம் இருக்கு. அந்த உப்பை யார் வாருறாங்க? அவங்களும் ஒரு அம்மாதான். வெயில் இல்லேன்னா உப்பு விளையாது. ஊரே நிழல் தேடுற நேரம்தான் அந்த அம்மாவுக்கு வேலை நேரம். மேலேர்ந்து சூரியன் சுடுது. கீழே வெள்ளை வெளேர்னு கிடக்கிற உப்பு அதே வெளிச்சத்தைத் திருப்பி முகத்துல அடிக்குது. காலு உப்புத் தண்ணியில. ‘வெயில்ல போகாதே’ன்னு அந்த அம்மாகிட்ட அவங்க பொண்ணு சொன்னா, ராத்திரி உலை எப்படிக் கொதிக்கும்?

(கைதட்டல்)

இது நான் கதையாச் சொல்லலை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்துல பேராசிரியர் வித்யா வேணுகோபால் தலைமையில ஒரு குழு, தமிழ்நாட்டு உப்பளங்கள்ல 352 தொழிலாளர்களைப் பரிசோதிச்சுது. பெரும்பாலானவங்க உடம்பு தாங்கக்கூடிய அளவுக்கு மேலான சூட்டுல வேலை செய்றாங்க. அவங்கள்ல நூத்துக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தோட செயல்பாடு குறைஞ்சிருந்துச்சு. சிறுநீரகம் ஒரு ஊமைப் பிள்ளை நடுவர் அவர்களே. வலிக்குதுன்னு அழாது. அது வாய் திறந்து சொல்றப்போ, முக்கால்வாசி போயிருக்கும்.

அதே குழு 800 கர்ப்பிணிப் பெண்களையும் வச்சு ஆராய்ச்சி பண்ணுச்சு. வயல்லயும் செங்கல் சூளையிலயும் உப்பளத்துலயும் கடும் சூட்டுல வேலை செஞ்ச கர்ப்பிணிகளுக்குக் கரு கலையறதும், குழந்தை செத்துப் பிறக்கறதும் ஏறத்தாழ ரெண்டு மடங்குன்னு கண்டுபிடிச்சாங்க. 2024ல வெளிவந்த ஆராய்ச்சி இது. நான் வீடு வீடாப் போன காலத்துல, ‘கரு தங்கலை, ராசியில்லாதவ’ன்னு மாமியார் வாயில பேச்சு வாங்கின மருமகள்களைப் பார்த்திருக்கேன். ராசியில என்னங்க இருக்கு? சூளைக்குப் பக்கத்துல நின்னு கல்லு சுமந்தவ அவ!

(நீண்ட கைதட்டல்)

இப்ப நான் சொல்லப்போறதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. பெண்கள் மட்டும் பேசிக்கிற விஷயம்னு இதை ஒதுக்கி வச்சுட்டோம். இன்னைக்கு மேடையிலயே சொல்றேன்.

கரும்பு வெட்டப் போற ஒரு அக்கா. அடிக்கடி நீர்க்கடுப்பு. மாத்திரை கொடுத்தா நிக்கும், பத்து நாள்ல திரும்ப வரும். ‘ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணிக்கா குடிக்கிறே?’ன்னு கேட்டேன். ‘காலையில ஒரு சொம்பு. அப்புறம் வீட்டுக்கு வந்துதான்’னாங்க. காலையில ஆறு மணிக்குக் குடிச்ச சொம்புத் தண்ணியில சாயங்காலம் வரைக்கும் வெயில்ல கரும்பு வெட்டுறாங்க! ஏன்க்கான்னு கேட்டா, சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: ‘குடிச்சா ஒதுங்கணுமே தாயி. ஆம்பளைங்க அம்பது பேர் நிக்கிற வெட்டவெளியில எங்க போய் ஒதுங்குறது?’

நடுவர் அவர்களே! இந்த அக்காவுக்குத் தண்ணி குடிக்கணும்னு தெரியாதா? தெரியும். வீட்டுல பானை இல்லையா? இருக்கு. புருஷன் வேணாம்னானா? இல்லை. அவங்க குடும்பம் எந்தத் தப்பும் பண்ணலை. வேலை செய்யற இடத்துல நாலு பக்கம் மறைச்ச ஒரு கழிப்பிடம் இல்லை. அவ்வளவுதான். ‘தண்ணி குடி, தண்ணி குடி’ன்னு சுவத்துல எழுதி வைக்கிறோம். குடிச்சவ எங்கே போவான்னு எழுத மறந்துட்டோம்! அந்தக் கழிப்பிடத்தை எந்தக் குடும்பம் கட்டும்? தலையில தூக்கிக்கிட்டா போக முடியும்? வேலை கொடுக்கிறவர் கட்டணும். கட்டலேன்னா கட்ட வைக்கிற அதிகாரம் ஊருக்கு இருக்கணும்.

(பலத்த கைதட்டல்)

எதிரணிப் பேராசிரியர் தம்பி, ‘சட்டம் போட்டா வெயில் குறையுமா?’ன்னு நக்கலாக் கேட்டார். வெயில் குறையாது தம்பி, வெயில்ல நிக்கிற நேரம் குறையும்! நம்ம பக்கத்துப் பிள்ளைங்க எத்தனையோ பேர் வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்காங்க. கத்தார்ல 2021லேர்ந்து சட்டம்: ஜூன் 1லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் காலை பத்து மணியிலேர்ந்து மாலை மூன்றரை மணி வரைக்கும் திறந்தவெளியில வேலை வாங்கக் கூடாது. அங்க அவனை நிழல்ல உட்கார வச்சது யாரு? அம்மா பக்கத்துல இருக்காளா? ‘ஏன்டா வெயில்ல நிக்கிறே?’ன்னு போன்லதான் கேட்க முடியும். வேலையை நிறுத்தச் சொன்னது சட்டம்! அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளத்துல கோடை வந்தா, மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்று வரைக்கும் வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு தொழிலாளர் துறை உத்தரவு போடுது.

வெயிலை விட்டு மழைக்கு வர்றேன். வெயில் கூடுனா மழை குறையும்னுதானே நினைப்போம்? ரெண்டும் ஒரே தாய்ப் பிள்ளைங்க. காத்து ஒரு டிகிரி சூடேறினா ஏறத்தாழ ஏழு சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்கும். சுமக்கிறது கூடினா, கொட்டுறப்போ மொத்தமாக் கொட்டும்.

விழுப்புரத்துக்காரங்களுக்கு இதை நான் சொல்லவா வேணும்? 2024 நவம்பர் 30 ராத்திரி, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்துல கரையேறுச்சு. ஏறின புயல் போகவேயில்லை. சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அங்கேயே உட்கார்ந்துடுச்சு. மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. வருஷம் பூரா நாம பார்க்கிற மழையில பாதியளவு, ஒரே நாள்ல! அடுத்து டிசம்பர் 2 விடியற்காலை, சாத்தனூர் அணையிலேர்ந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தண்ணி வந்து தென்பெண்ணை பொங்குச்சு. அரசூர் பக்கத்துல தேசிய நெடுஞ்சாலையே ஆறாச்சு. ‘எல்லா ரயிலும் நிக்கிற ஊர்’னு நமக்கு ஒரு பெருமை உண்டு. அன்னிக்கு விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல பாலத்தைத் தண்ணி தொட்டதும், ரயில் ஓட்டமே நின்னுபோச்சு!

சில நாள்ல தண்ணி வடிஞ்சுது. பத்திரிகைக்காரங்க போயிட்டாங்க. ஆனா எங்களை மாதிரிச் செவிலியருக்கு வேலை அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்கும். வெள்ளத்தோட எலி வளைத் தண்ணியும் வெளியே வருது. எலியோட சிறுநீர் கலந்த சேத்துல வெறுங்காலோட நடக்கிறவனுக்குக் கால் வெடிப்பு வழியா எலிக்காய்ச்சல் ஏறுது. சாக்கடை குடிதண்ணிக் குழாய்ல கலந்தா வயித்துப்போக்கு, மஞ்சக்காமாலை. கரண்ட் இல்லாம ஃபிரிட்ஜ் நின்னுபோனா சர்க்கரை நோயாளியோட இன்சுலின் கெட்டுப்போகுது. வாரம் ரெண்டு தடவை, மூணு தடவை டயாலிசிஸுக்குப் போற மனுஷன், ரோடு துண்டிச்ச கிராமத்துல நாளை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். சொல்லுங்க, அவன் பொண்டாட்டி கஷாயம் வச்சுக் கொடுத்தா ரத்தம் சுத்தமாயிடுமா? அவனுக்குப் படகு வேணும்! படகு யார் வீட்டுப் பரண்ல இருக்கு?

(கைதட்டல்)

டெங்கு இருக்கே, அது இன்னும் வேடிக்கை. மழை பெய்ஞ்சா டயர்லயும் தேங்காய்ச் சிரட்டையிலயும் தண்ணி தேங்கி ஏடிஸ் கொசு வருது. மழை பெய்யலேன்னா? குழாய்ல தண்ணி வராது. வர்ற அன்னிக்குக் குடம், டிரம், அண்டா, சிமெண்ட் தொட்டின்னு பிடிச்சு வைக்கிறோம். அந்த நல்ல தண்ணியிலயும் அதே கொசு வருது. ஒரு வாரம், பத்து நாள் போதும், முட்டை கொசுவாயிடும். அப்ப சுகாதார ஊழியர் வந்து, ‘ஏம்மா தண்ணியைச் சேத்து வச்சே?’ன்னு அந்தம்மாவைத் திட்டுறார். அந்தம்மா கேக்குறா: ‘தினமும் விட்டா நான் ஏன் சாமி சேத்து வைக்கிறேன்?’ இந்தக் கேள்விக்குப் பதில் குடும்பத்துல இருக்கா? நகராட்சியில இருக்கா?

(சிரிப்பு, கைதட்டல்)

ஐயா மணியில கை வைக்கிறார். ஐயா, இன்னும் கொஞ்சம் நேரம். எதிரணிக்கு நியாயம் செய்யாம உட்கார மாட்டேன்.

குடும்பத்துக்குப் பங்கே இல்லேன்னு நான் சொல்லலை. இந்த மண்ணுல எத்தனையோ பிள்ளைங்களைக் காப்பாத்தினது உப்பு-சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணி, தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதைக் கலக்குறது அம்மாவோட கைதான். ஆனா அந்தக் கைக்கு இது எப்படி வந்துச்சு? 1971ல வங்கதேசப் போர். அகதிகள் லட்சக்கணக்குல மேற்கு வங்காளத்துக்கு வந்தாங்க. பங்கான் முகாம்ல காலரா. ஊசி வழியா ஏத்துற திரவம் தீர்ந்துபோச்சு. திலீப் மகலனாபிஸ்னு ஒரு டாக்டர், உப்பையும் சர்க்கரையையும் கலந்து வாய்வழியாவே கொடுக்கச் சொன்னார். நூத்துக்கு முப்பதுன்னு இருந்த சாவு, நாலுக்கும் கீழே இறங்குச்சு. அப்புறம் வங்கதேசத்துல பிராக்ங்கிற தொண்டு நிறுவனம், 1980லேர்ந்து பத்து வருஷத்துல ஒரு கோடி வீட்டுக்கு மேல ஏறி இறங்கி, தாய்மார்களுக்கு அதைக் கையால கலக்கக் கத்துக்கொடுத்துச்சு. அம்மா கை காப்பாத்துச்சு, உண்மை. அந்தக் கையைப் பிடிச்சு எழுதப் பழக்கினது யாரு? ஊர்!

இன்னொண்ணும் இங்க இருக்கிறவங்க மனசுல வாங்கிக்கணும். வெயில்ல ஒருத்தர் உளற ஆரம்பிச்சா, தள்ளாடினா, உடம்பு அனலாக் கொதிச்சா, அது சாதாரண மயக்கம் இல்லை. உடனே நிழலுக்குத் தூக்குங்க, துணியைத் தளர்த்துங்க, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறுங்க, 108க்குப் போன் போடுங்க. நினைவில்லாதவர் வாயில சோடாவோ தண்ணியோ ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஆனா இந்த முதலுதவியிலயும் பாருங்க. வேலை செய்யற இடத்துல விழுந்தவரைத் தூக்கிப் போட, அங்க முதல்ல ஒரு நிழல் இருக்கணும் இல்லையா?

நம்ம பெரியவங்களுக்கு இது தெரியும். பெரியபுராணத்துல அப்பூதியடிகள் வர்றார். திங்களூர்க்காரர். திருநாவுக்கரசரை நேர்ல பார்க்கிறதுக்கு முன்னாடியே அவர் பேருல தண்ணீர்ப் பந்தல் வச்சார். அந்தத் தண்ணியை எங்க வச்சார்? தன் வீட்டு அடுக்களையிலயா? வழியில போறவன் குடிக்கணும்னு வழியோரத்துல வச்சார். பேரைக்கூடத் தன் பேரா வைக்கலை. இப்ப நாம வைக்கிற நீர்மோர்ப் பந்தல்ல மோரைவிட போட்டோ பெருசா இருக்கு! ஏப்ரல்ல திறக்கும்போது ஊரே வருது. மே மாசம் பானை காலியா இருக்கிறதைப் பார்க்க ஒருத்தரும் வர்றதில்லை.

(சிரிப்பு, கைதட்டல்)

ஊர் நினைச்சா முடியுமா? முடியும். 2010 மே மாசம் அகமதாபாத்துல அனல் அடிச்சப்போ, வழக்கமா அந்த மாசத்துல நடக்கிற சாவைவிட 1,344 சாவு அதிகம். நகராட்சி விழிச்சுக்கிச்சு. 2013ல தெற்காசியாவிலேயே முதல் முறையா ஒரு வெப்பச் செயல்திட்டம் போட்டாங்க. அனல் வர்றதை முன்கூட்டியே சொல்றது, ஆஸ்பத்திரியைத் தயாரா வைக்கிறது, தண்ணீர்ப் பந்தல், பூங்காவைப் பகல்ல திறந்து வைக்கிறது, குடிசைக் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கிறது. அதுல ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் தப்பிச்சதா பின்னால வந்த ஆராய்ச்சி கணக்குச் சொல்லுது.

ஒடிசாவைப் பாருங்க. 1999 பெரும்புயல்ல ஏறத்தாழ பத்தாயிரம் பேர் செத்தாங்க. 2013ல பைலின் புயல் வந்தப்போ, பத்து லட்சம் பேர் அளவுக்கு முன்கூட்டியே மேடான இடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. சாவு அம்பதுக்குள்ள நின்னுச்சு. 1999லயும் ஒடிசாவுல அம்மாக்கள் இருந்தாங்க, பாசத்துக்கும் பஞ்சமில்லை. பதினாலு வருஷத்துல மாறினது அம்மாவோட பாசம் இல்லை நடுவர் அவர்களே, ஊரோட ஏற்பாடு!

(நீண்ட கைதட்டல்)

நம்ம தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சுது. வெயிலால செத்தா குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல அறிவிப்பு, வெயிலால ஒருத்தர் சாக முடியும்னு காகிதத்துல ஒத்துக்கிட்டாச்சு. ஆனா செத்த பிறகு வர்ற 4 லட்சத்தைவிட, சாகறதுக்கு முன்னால வர்ற நாலு கீத்துப் பந்தல்தான் அந்தக் குடும்பத்துக்கு வேணும்.

அதனால நான் ஊரைக் கேக்குறேன். கோடையில வயல் வேலையும் சூளை வேலையும் உப்பள வேலையும் விடியற்காலையில ஆரம்பிச்சுப் பதினொரு மணிக்குள்ள முடியட்டும். அதுக்காகக் கூலியைக் குறைக்காதீங்க. வேலை செய்யற இடத்துல நிழல், தண்ணி, பெண்களுக்கு மறைவான கழிப்பிடம், இந்த மூணும் இருக்கணும். சிமெண்ட் ஷீட் வீடுகளுக்கும் அங்கன்வாடிக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு அடிங்க. செலவு கொஞ்சம், ராத்திரித் தூக்கம் நிறைய. கர்ப்பிணி யார், டயாலிசிஸ் யார், இன்சுலின் யார், படுத்த படுக்கை யார்ங்கிற பட்டியல் ஒவ்வொரு ஊராட்சியிலயும் புயலுக்கு முன்னாடியே தயாரா இருக்கட்டும். ஆத்துல தண்ணி வர்ற செய்தி செல்போன்ல வந்தா போதாது. ராத்திரி ரெண்டு மணிக்குக் கோயில் ஸ்பீக்கர்லயும் மசூதி ஸ்பீக்கர்லயும் சர்ச் மணியிலயும் வரணும். ஏரி வாய்க்காலை மழைக்கு முன்னாடி தூர் வாருங்க. வானூர் பக்கத்துக் கழுவெளி 2024ல உலக அளவுல ராம்சார் ஈரநிலப் பட்டியல்ல இடம் பிடிச்சிருக்கு. பேர் வாங்கின நிலத்துல குப்பை கொட்டாதீங்க. வெள்ளம் வந்தா தண்ணியைத் தாங்கிக்கிற மடி அது. அப்புறம், திண்டிவனத்துக்குக் கொஞ்சம் புளியமரம் திருப்பிக் கொடுங்க!

(கைதட்டல்)

நடுவர் அவர்களே! குடும்பம் குடை கொடுக்கும், மோர் கொடுக்கும், ‘பார்த்துப் போப்பா’ன்னு பாசத்தோட ஒரு வார்த்தை கொடுக்கும். அதுக்கு மேல கொடுக்க ஏழைக் குடும்பத்துகிட்ட ஒண்ணும் இல்லை. வாசப்படி தாண்டினதும் அந்தப் பிள்ளை ஊரோட பிள்ளை. உப்பளத்துல நிக்கிறவளும், கரும்புக் காட்டுல தண்ணி குடிக்காம நிக்கிறவளும் தங்கள் வீட்டுல யாருக்கும் பாரமா இல்லாதவங்க. அந்த வீட்டையே தாங்குறவங்க. அவங்களை யார் தாங்குறது? அந்தக் கேள்விக்கு, ‘ஊருக்கே’ங்கிற எங்கள் அணியைத் தவிர இந்த மேடையில யார்கிட்டயும் பதில் இல்லை. நல்ல தீர்ப்பா வழங்குங்க!

(நீண்ட கைதட்டல்)